வடதுருவத்திலிருந்து வந்த அழைப்பு

அமெச்சூர் வானொலியைப் பற்றி மாணவர்களிடம் பேசும்போதெல்லாம் ஒரே கேள்வி என்னை நோக்கி வரும். கைப்பேசி இருக்கும் காலத்தில் இந்தப் பொழுதுபோக்கு எதற்கு? இதற்குப் பதிலாக நான் எர்ன்ஸ்ட் கிரென்கெலின் வாழ்க்கையைத்தான் சொல்வது வழக்கம். மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் எட்டாத பனிவெளியில் வாழ்ந்து, அங்கிருந்தே உலகத்தோடு பேசியவர் அவர்.

கிரென்கெல் 1903 டிசம்பர் 24ஆம் நாள் பியாலிஸ்டொக் நகரில் பிறந்தார். இன்று போலந்தில் உள்ள அந்த நகரம் அன்று ரஷ்யப் பேரரசின் பகுதி. ஜெர்மானிய வம்சாவளிக் குடும்பம், தந்தை ஆசிரியர். பிறகு குடும்பம் மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. முதல் உலகப் போரும் அதைத் தொடர்ந்த புரட்சியும் பஞ்சமும் அவருடைய இளமையைப் புரட்டிப் போட்டன. பொட்டலம் கட்டினார், சுவரொட்டி ஒட்டினார், கிடைத்த வேலையையெல்லாம் செய்தார். 1921இல் கம்பியில்லாத் தந்தி வகுப்பில் சேர்ந்தார். புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் குறியீடு அவருக்கு அங்கே கைவந்தது.

1924இல் கப்பலில் வேலை தேடி லெனின்கிராட் சென்றார். உலகத்தைச் சுற்றிப் பார்க்கும் ஆசை. கிடைத்ததோ நோவயா செம்லியா தீவில், மத்தோச்கின் ஷார் என்ற ஆய்வு நிலையத்தில் ஓராண்டு வேலை. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் தலைகாட்டாத இடம் அது. கடல் உறைந்துவிட்டால் எந்தக் கப்பலும் வராது. வெளியுலகத்தோடு தொடர்பு என்றால் அது வானொலி அறை ஒன்றுதான்.

அந்தக் காலத்து நிலையங்கள் பெரும்பாலும் நெட்டலையில் இயங்கின. நெட்டலைக்கு உயரமான கம்பங்களும் அதிக மின்சாரமும் தேவை. சிற்றலை எதற்கும் உதவாது என்று முதலில் ஒதுக்கப்பட்டு, அமெச்சூர்கள் விளையாடட்டும் என்று விடப்பட்டது. அவர்கள்தாம் அதன் வலிமையைக் கண்டுபிடித்தார்கள். சிற்றலை வான்வெளியின் மேல் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, மீண்டும் தரையை வந்தடைகிறது. அதனால் குறைந்த மின்சாரத்திலும் கடல் கடந்து போகிறது. எரிபொருளை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் துருவ நிலையத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கிரென்கெல் இதை உணர்ந்திருந்தார். 1927இல் மீண்டும் மத்தோச்கின் ஷார் சென்றபோது, முயன்று பெற்ற ஒரு சிற்றலைக் கருவியையும் உடன் கொண்டு சென்றார்.

அந்த விருப்பத்தின் பலன் 1930 ஜனவரி 12ஆம் நாள் தெரிந்தது. அப்போது அவர் பிரான்ஸ் ஜோசப் தீவுக் கூட்டத்தின் தீகயா விரிகுடாவில் இருந்தார். அங்கே குளிர்காலத்தைக் கழித்தவர்கள் மொத்தம் ஏழு பேர்தான். வெளியே துருவ இருட்டு. கேட்பவர் யாராயினும் பதில் தரலாம் என்ற பொது அழைப்பை அவர் அனுப்பினார். பதில் வந்தது. வந்த இடம் பூமியின் மறுமுனை! அண்டார்டிகாவில் முகாமிட்டிருந்த அமெரிக்கர் ரிச்சர்ட் பேர்டின் குழு அது. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் தூரம். ஒரு பக்கம் முடியாத இரவு, மறுபக்கம் முடியாத பகல். இரண்டையும் இணைத்தது எளிய சிற்றலைக் கருவி. சிற்றலைத் தொடர்பில் அது உலக சாதனையாக அமைந்தது.

இதுவரை படிப்பவர்களுக்கு இது சுவையான பொழுதுபோக்காகத் தோன்றலாம். 1934இல் நிலைமை மாறியது.

செல்யூஸ்கின் என்ற கப்பல் ரஷ்யாவின் வடகடல் வழியே பசிபிக் பெருங்கடலை அடையப் புறப்பட்டிருந்தது. ஓரளவு வலுவூட்டப்பட்டிருந்தாலும் அது பனியுடைப்புக் கப்பல் அன்று. சுக்சி கடலில் பனி அதைச் சிறைப்பிடித்தது. பிப்ரவரி 13ஆம் நாள் பனிக்கட்டிகள் கப்பலின் பக்கத்தைக் கிழித்தன. சுமார் இரண்டு மணி நேரத்தில் கப்பல் மூழ்கியது. ஒருவர் இறந்தார். 104 பேர் மிதக்கும் பனியின் மேல் நின்றார்கள். அவர்களில் இரண்டு சிறு குழந்தைகளும் இருந்தனர்.

கப்பலின் வானொலி இயக்குநர் கிரென்கெல். அவசரக் கருவியையும் மின்கலங்களையும் பனிமேல் இறக்கினார்கள். கொட்டும் குளிரில் ஏரியல் கம்பியை நிறுத்தி, கூடாரத்துக்குள் அமர்ந்து அவர் அழைக்கத் தொடங்கினார். விரல்கள் மரத்துப்போயின. மின்கலத்தில் இருந்த மின்சாரமோ அளவானது. கடற்கரையில் இருந்த உவேலன் நிலையத்தோடு மறுநாள் தொடர்பு கிடைத்தது. 104 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று உலகம் அறிந்தது அந்தக் கூடாரத்தின் வழியாகத்தான்.

அதன்பின் இரண்டு மாதங்கள். பனிமேல் விமானம் இறங்கத் தளம் அமைப்பார்கள், பனி பிளந்து அது பாழாகும், வேறொன்று அமைப்பார்கள். வானிலை எப்படி, தளம் தாங்குமா என்று விமானிகளுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லியாக வேண்டும். மார்ச் 5ஆம் நாள் பெண்களும் குழந்தைகளும் முதலில் மீட்கப்பட்டனர். ஏப்ரல் 13ஆம் நாள் கடைசிக் குழு பனியை விட்டுப் புறப்பட்டது. அந்தக் குழுவில் கிரென்கெலும் ஒருவர். செய்தி அனுப்புபவர் முன்கூட்டியே கிளம்ப முடியுமா என்ன?

அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி அடுத்து வருகிறது. 1937 மே 21ஆம் நாள் விமானம் ஒன்று வடதுருவத்துக்கு அருகே பனிமேல் இறங்கியது. வடதுருவம்-1 என்ற மிதக்கும் நிலையம் அங்கே உருவானது. பாப்பானின், ஷிர்ஷோவ், ஃபியோதரோவ், கிரென்கெல் ஆகிய நால்வரோடு ஒரு நாயும் அங்கே தங்கியது. கடலின் ஆழத்தை அளந்தபோது 4,290 மீட்டர் என்று தெரிந்தது. ஆய்வு முடிவுகளையும் வானிலைத் தகவல்களையும் குறித்த நேரத்தில் அனுப்புவது கிரென்கெலின் பொறுப்பு. காற்றாடி சுழன்று மின்கலத்தை நிரப்பும். காற்று அடங்கினால் மனிதர்களே ஒரு கருவியைச் சுழற்றி மின்சாரம் எடுக்க வேண்டும்.

அப்படி அரும்பாடுபட்டுச் சேர்த்த மின்சாரத்தில் அவர் இன்னொன்றும் செய்தார். கடமை முடிந்த வேளைகளில் உலகின் பல நாட்டு அமெச்சூர்களோடு தொடர்பு கொண்டார். நிலையத்தின் அழைப்புக் குறி யூ.பி.ஓ.எல். தம் வீட்டு அறையில் அமர்ந்திருந்தவர்களுக்கு, வடதுருவத்திலிருந்து ஓர் அழைப்பு கேட்டது என்றால் எப்படி இருந்திருக்கும்! கிரென்கெலுக்கும் அது வெறும் விளையாட்டன்று. தனிமையின் நடுவே முகம் தெரியாத நண்பர்கள் கிடைத்தார்கள்.

நிலையம் 274 நாள்கள் மிதந்து கிரீன்லாந்தின் கிழக்குக் கடற்பகுதியை அடைந்தது. புயலில் பனித்தளம் உடைந்து சிறுத்துக்கொண்டே போனது. 1938 பிப்ரவரி 19ஆம் நாள் இரண்டு கப்பல்கள் வந்து நால்வரையும் ஏற்றிக்கொண்டன. கப்பல்களை வழிநடத்தியதும் கிரென்கெலின் கருவிதான்.

நால்வருக்கும் சோவியத் யூனியனின் வீரர் என்ற உயரிய பட்டம் கிடைத்தது. ஆனால் புகழ் நிலையாக இருக்கவில்லை. 1940களின் பிற்பகுதியில் வடகடல் வழி நிர்வாகத்தில் இருந்த பதவி போனது. அவர் ஒரு வானொலித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பிறகு வானிலைக் கருவிகள் தொடர்பான ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தார். சிற்றலையை மட்டும் கைவிடவில்லை. மூழ்கிய செல்யூஸ்கின் கப்பலின் அழைப்புக் குறியான ஆர்.ஏ.இ.எம். அவருடைய தனிப்பட்ட அழைப்புக் குறியாக வழங்கப்பட்டது. 1960களின் இறுதியில் கப்பல் பயணம் ஒன்றில் அண்டார்டிகாவையும் சென்று பார்த்தார். இளமையில் காதால் மட்டும் தொட்ட கண்டம் அது. 1971 டிசம்பர் 8ஆம் நாள் காலமானார்.

கிரென்கெல் பெரிய கண்டுபிடிப்பு எதையும் செய்தவரல்லர். தமக்குப் பிடித்த ஒன்றை, யாரும் பார்க்காத இடத்தில், பொறுமையாகப் பழகியவர். குறைந்த மின்சாரத்தில் தூரத்தைத் தொடுவது, இரைச்சலுக்கு நடுவே மெல்லிய ஒலியைப் பிரித்துக் கேட்பது, பதில் வராவிட்டாலும் மீண்டும் அழைப்பது ஆகியவற்றையெல்லாம் அமைதியான இரவுகளில் கற்றார். 104 பேர் பனிமேல் நின்ற நாளில் அவற்றைப் புதிதாகக் கற்க நேரம் இருந்திருக்காது.

மாணவர்களே, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தேர்வு எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறலாம். 9எம், 9டபிள்யூ என்று தொடங்கும் அழைப்புக் குறிகள் மலேசியர்களுடையவை. 9வி என்று தொடங்குபவை சிங்கப்பூருடையவை. வானொலிதான் வேண்டும் என்பதில்லை. உங்களுக்குப் பிடித்தது எதுவாயினும், மதிப்பெண்ணுக்காக இல்லாமல் அதை ஆழமாகப் பழகி வையுங்கள். அது எந்த நாளில் யாருக்குத் தேவைப்படும் என்று இப்போதே சொல்லிவிட முடியாது.