கோடிங்கில் 'அசர்ட்' எதுக்கு? 1949-லேயே வழி சொன்ன ஆலன் டூரிங்!

பைத்தானில் சின்னதா ஒரு ஃபங்ஷன் எழுதுறீங்க. அது சரியான விடைதான் தருதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? 'அசர்ட்' என்று ஒரு வரி போட்டுப் பார்க்கலாம். இந்த வழியை ஆரம்ப காலத்திலேயே தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர், ஆலன் டூரிங்.

யார் இந்த டூரிங்?

1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அம்மா எதெல் சாரா பிறந்தது நம்ம கோவை போத்தனூரில்! 1936-ல் டூரிங் எழுதிய கட்டுரைதான் இன்றைய கணினி அறிவியலுக்கு அடித்தளம். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீடுகளை உடைத்ததில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1949-ல் என்ன சொன்னார்?

ஜூன் 24, கேம்பிரிட்ஜில் ஒரு மாநாடு. பெரிய புரோகிராம் சரியா இருக்கான்னு எப்படி நம்புவது என்பதுதான் இவரது கேள்வி. நீளமான கூட்டல் கணக்கில் விடை மட்டும் இருந்தால், மொத்தத்தையும் திரும்பக் கூட்டணும். அடுத்த வரிசைக்குக் கொண்டுபோன எண்களையும் எழுதி வைத்திருந்தால், ஒவ்வொரு வரிசையாகச் சரிபார்க்கலாம். புரோகிராமிலும் அப்படித்தான்: இந்த இடத்தில் இந்த மதிப்பு இப்படி இருக்கணும் என்று எழுதியவரே குறித்து வைக்க வேண்டும் என்றார். அதற்கு அவர் எடுத்த உதாரணம், ஃபேக்டோரியல்.

இன்று எப்படிச் செய்வது?

5-இன் ஃபேக்டோரியல், 5×4×3×2×1 = 120. உங்கள் ஃபங்ஷனுக்கு 5 கொடுத்தால் 120 வரணும் என்று 'அசர்ட்' வரி எழுதுங்கள். சரியாக இருந்தால் பைத்தான் சத்தமே போடாமல் அடுத்த வரிக்குப் போகும். தப்பென்றால் 'அசர்ஷன் எரர்' காட்டி அங்கேயே நின்றுவிடும். 0 கொடுத்தால் 1 வரணும், அதையும் மறக்காமல் சேருங்கள்.

ஒன்று கவனிக்கணும். டூரிங் தேடியது எல்லா எண்ணுக்கும் பொருந்தும் நிரூபணம். நம்ம டெஸ்ட், கொடுத்த எண்களை மட்டுமே பார்க்கும். அதனால்தான் 0, 1 போன்ற ஓரத்து எண்களை விடவே கூடாது.

கடைசியில் என்ன ஆனது?

1952-ல் தன்பால் உறவுக்காக டூரிங்குக்குத் தண்டனை கிடைத்தது. சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சையை ஏற்றார். 1954 ஜூன் 7-ல் இறந்தபோது வயது 41. பிரிட்டன் அவருக்கு அரச மன்னிப்பு வழங்கியது 2013-ல். அந்த 1949 கட்டுரையும் பல வருடங்கள் யார் கண்ணிலும் படாமலே கிடந்தது.