மறதியை அளந்த மாமனிதர்

இரவெல்லாம் கண்விழித்து மனப்பாடம் செய்த விடை, தேர்வு மண்டபத்தில் பேனாவைத் திறந்ததும் எங்கோ ஓடி மறைந்து விடுகிறது. தனக்கு மூளையே இல்லை என்று கண்கலங்கும் தோழியை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். நாமே கலங்கியதும் உண்டு. மறதி குற்றமா? குறைபாடா? அல்லது இயற்கையா? இதற்கு விடை காணத் தம்மையே சோதனைப் பொருளாக்கிக் கொண்டார் ஓர் அறிஞர். அவர்தாம் ஜெர்மானிய உளவியல் மேதை ஹெர்மன் எபிங்ஹாஸ்.

இவர் 1850ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24ஆம் நாள், பார்மென் என்னும் ஊரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். பதினேழாம் வயதில் பான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வரலாறும் மொழியியலும் பயிலச் சென்றவரின் உள்ளத்தைத் தத்துவம் கவர்ந்தது. 1870இல் பிரான்சுடன் போர் மூண்டபோது படையில் பணியாற்றினார். போருக்குப் பின் கல்வியைத் தொடர்ந்து, 1873இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஆசிரியப் பணி செய்து பிழைத்தார். அந்நாளில் பழைய புத்தகக் கடையொன்றில் ஃபெக்னர் என்பவர் எழுதிய நூல் அவர் கையில் கிடைத்தது. ஒளி, ஒலி போன்றவற்றை நாம் உணரும் அளவைக் கணக்கிட முடியும் என்று அந்நூல் காட்டியது. அப்படியானால் நினைவாற்றலையும் அளக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு உதித்தது.

அவருக்கென ஆய்வுக்கூடம் இல்லை, உதவியாளரும் இல்லை. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. பொருள் உள்ள சொற்களைச் சிலர் முன்பே அறிந்திருப்பர் அல்லவா? ஆகவே இரு மெய்யொலிகளுக்கு நடுவே ஓர் உயிரொலி வைத்து, பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300 உருவாக்கினார். கடிகாரத்தின் ஒலிக்கேற்ப அவற்றை ஒரே வேகத்தில் உரக்கப் படித்து மனப்பாடம் செய்தார். சில காலம் சென்றபின் அதே வரிசையை மீண்டும் கற்றார். முதலில் 20 நிமிடம் பிடித்தது, மறுமுறை 12 நிமிடத்தில் முடிந்தால், மிச்சம் 8 நிமிடம். அதாவது 40 விழுக்காடு. இந்த மிச்சமே நினைவின் அளவுகோலாயிற்று. 1879-80இலும் 1883-84இலும் இச்சோதனைகளைச் செய்து, 1885இல் நினைவைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

அவர் கண்டது என்ன? கற்ற 20 நிமிடத்திற்குப் பின் மிச்சம் சுமார் 58 விழுக்காடு. ஒரு மணி நேரத்தில் அது 44 ஆகவும், ஒரு நாளில் 34 ஆகவும் குறைந்தது. ஆனால் 31 நாட்கள் கழிந்த பின்னும் 21 விழுக்காடு எஞ்சி நின்றது! மறதி முதலில் விரைந்து பாய்கிறது. பிறகு மெல்ல நடக்கிறது. மேலும், ஒரே நாளில் 68 முறை படித்த பயனை, மூன்று நாட்களில் பகிர்ந்து 38 முறை படித்தே பெற முடிந்தது.

எனினும் இவ்வாய்வில் குறைகளும் உண்டு. சோதிக்கப்பட்டவர் அவர் ஒருவரே. ஒருவரின் நினைவு உலகத்தார் அனைவரின் நினைவாகுமா? நாம் வாழ்வில் நினைவில் வைப்பவை பொருளற்ற அசைகளும் அல்ல. பைரன் கவிதைகளைக் கற்க, அசைகளுக்குத் தேவையான உழைப்பில் பத்தில் ஒரு பங்கே போதும் என்று அவரே கண்டறிந்தார். பிற்காலத்தில், 1932இல் இங்கிலாந்து அறிஞர் பார்ட்லெட், கதைகளைக் கொண்டு ஆராய்ந்தார். மனிதர் கேட்ட கதையை அப்படியே சேமிப்பதில்லை, தமக்குப் பழகிய வகையில் மாற்றியமைத்துக் கொள்கின்றனர் என்று காட்டினார். பெரும்பாலும் அசைகளை வைத்தே அளந்த எபிங்ஹாஸின் கண்ணுக்கு இது தென்படவில்லை.

ஆயினும் அவரது உழைப்பு வீண் போகவில்லை. 2015இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அதே முறையில் மீண்டும் சோதித்தபோது, அவர் கண்டதை ஒத்த முடிவே கிடைத்தது. செய்த முறையையும் கணக்கையும் அவர் ஒளிவு மறைவின்றி எழுதி வைத்ததால் அன்றோ பிறர் அதைச் சரிபார்க்க முடிந்தது!

அவர் மாணவரையும் மறக்கவில்லை. பிரெஸ்லாவ் நகரில் பேராசிரியராக இருந்தபோது, தொடர்ந்த பாடவேளைகளால் பிள்ளைகள் களைப்படைகிறார்களா என்று ஆராய்ந்தார். அதற்காக, விடுபட்ட சொற்களை நிரப்பும் தேர்வு ஒன்றை 1897இல் அமைத்தார். கோடிட்ட இடத்தை நிரப்பும் நமக்கு அது அந்நியமன்று! 1905 முதல் ஹாலே நகரில் பணியாற்றிய அவர், 1909 பிப்ரவரி 26ஆம் நாள் நிமோனியாக் காய்ச்சலால் காலமானார்.

அன்புத் தோழியரே! மறதி அறிவின்மையின் அடையாளமன்று. மாமேதைக்கும் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் நழுவியது. ஆகவே மறந்ததற்காக நம்மை நாமே இகழ வேண்டாம்; மறந்தவளை எள்ளவும் வேண்டாம். தேர்வுக்கு முந்திய இரவை நம்பாமல், பொருளுணர்ந்து, நாட்களைப் பகிர்ந்து, சிறுகச் சிறுகப் படிப்போமாக!