இரண்டு மதில்களைத் தாண்டியவர்

திருவனந்தபுரத்தில் பூஜப்புரை என்றால் மத்தியச் சிறை. ஊளம்பாறை என்றால் மனநோய் மருத்துவமனை. இரண்டுமே மகாராஜா காலத்தில் ஏற்பட்டவை. மருத்துவமனை 1870ஆம் ஆண்டிலும், சிறை 1886ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன.

ஊர்ப் பேச்சில் இந்த இரண்டு பெயர்களும் கேலிக்கும் வசவுக்குமே பயன்படுகின்றன. சாலை கடைத்தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டால், ஒருவரை ஒருவர் அனுப்பி வைப்பது இந்த இரண்டு இடங்களுக்குத்தான்!

ஆனால் சிறைவாசம், மனநோய் ஆகிய இரண்டையும் அனுபவித்து, இரண்டிலிருந்தும் மீண்டு, நாடு போற்றும் எழுத்தாளராக வாழ்ந்து காட்டியவர் ஒருவர் உண்டு. அவர்தான் வைக்கம் முகம்மது பஷீர்.

வீட்டை விட்டு ஓடிய மாணவன்

வைக்கத்தை அடுத்த தலையோலப்பறம்பில் 1908ஆம் ஆண்டு ஜனவரியில் பஷீர் பிறந்தார். தந்தையார் மர வியாபாரி. ஆறு பிள்ளைகளில் பஷீர்தான் மூத்தவர்.

வைக்கம் போராட்டம் தமிழர்களுக்கும் தெரிந்த கதை. 1924இல் அந்தப் போராட்டத்துக்காகப் பெரியார் ஈ.வெ.ரா. கடுங்காவல் அனுபவித்தது திருவனந்தபுரம் மத்தியச் சிறையில்தான். மறு ஆண்டு காந்தியடிகள் வைக்கம் வந்தார். கூட்டத்தில் முண்டியடித்துச் சென்று அவரைத் தொட்டுப் பார்த்த பள்ளி மாணவர்களில் பஷீரும் ஒருவர்.

அன்று பற்றிய தீ அணையவில்லை. படிப்பை முடிக்காமலே வீட்டை விட்டுக் கோழிக்கோட்டுக்கு ஓடினார். 1930இல் உப்பு சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து கைதானார். போலீசாரிடம் அடிபட்டார். கண்ணூர் சிறையில் அடைக்கப்பட்டார். 1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு விடுதலையானார்.

பிறகு ‘உஜ்ஜீவனம்’ என்ற பத்திரிகையில் தீவிரமாக எழுதினார். கைது வாரண்டு பிறந்தது. ஊரை விட்டே கிளம்பிவிட்டார். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றினார். பிழைப்புக்காக அவர் பார்க்காத வேலை இல்லை. திரும்பி வந்தபோது தந்தையாரின் வியாபாரம் நொடித்து, குடும்பம் வறுமையில் கிடந்தது. எர்ணாகுளத்தில் தங்கிக் கதை எழுதத் தொடங்கினார்.

லாக்கப்பிலிருந்து பூஜப்புரைக்கு

அப்போது திருவிதாங்கூரில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சி. அந்த ஆட்சியைத் தாக்கி எழுதியதற்காகப் பஷீர் மீண்டும் கைதானார். கோட்டயத்தில் பிடிபட்ட அவரைக் கொல்லம் கஸ்பா போலீஸ் நிலைய லாக்கப்புக்குக் கொண்டு போனார்கள். விசாரணையே தொடங்காமல் அங்கே நெடுங்காலம் கிடந்தார். போலீஸ்காரர்களும் கைதிகளும் சொன்ன கதைகளைக் கேட்டு, லாக்கப்பிலேயே உட்கார்ந்து எழுதினார்.

கடைசியில் இரண்டரை ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டு, திருவனந்தபுரம் மத்தியச் சிறைக்கு வந்து சேர்ந்தார். ‘பிரேமலேகனம்’ என்ற சிரிப்புக் கதையை எழுதியது இங்கேதான். அது 1943இல் வெளிவந்தது. காதலையும் வரதட்சிணையையும் பற்றிய அந்தச் சின்னப் புத்தகத்தைக்கூடத் திருவிதாங்கூர் அரசு தடை செய்தது.

இந்தச் சிறை நாட்களைப் பிற்காலத்தில் ‘மதில்கள்’ என்ற குறுநாவலாகத் தம் சொந்தக் கதை போலவே எழுதினார். அது 1965இல் நூலாக வந்தது. 1990இல் அடூர் கோபாலகிருஷ்ணன் அதைப் படமாக்கினார். பஷீராக நடித்த மம்மூட்டிக்குத் தேசிய விருது கிடைத்தது. நூல் தமிழிலும் வந்திருக்கிறது.

கதையில் வரும் பஷீர் சிறைக்குள் ரோஜாச் செடி வளர்க்கிறார். வார்டர்களோடு சிரித்துப் பேசுகிறார். திடீரென்று மற்ற அரசியல் கைதிகளுக்கெல்லாம் விடுதலை உத்தரவு வருகிறது. அவர் பெயர் மட்டும் அதில் இல்லை. அன்றுவரை உற்சாகமாக இருந்தவர் அன்றோடு ஒடிந்து போகிறார். தப்பி ஓடவும் திட்டம் போடுகிறார்.

அந்த நேரத்தில்தான் மதிலுக்கு அப்பால், பெண்கள் சிறையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. பெயர் நாராயணி. முகம் தெரியாது. இரண்டு பேரும் மதிலுக்கு இருபுறமும் நின்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சு அவரைப் பிழைக்க வைக்கிறது.

சாப்பாடும் போர்வையும் கொடுத்துவிட்டால் சிறைக் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதை ஒரு பாடம். பேச ஓர் ஆளும், கைக்கு ஒரு வேலையும் இல்லாவிட்டால் திடமான மனிதனும் உடைந்து போவான்.

சட்டமும் இதைப் பின்னாளில் ஒப்புக்கொண்டது. பாலக்காட்டில் பிறந்தவரும், 1957இல் கேரளத்தில் சிறைத்துறை அமைச்சராக இருந்தவருமான நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1978இல் சுனில் பத்ரா வழக்கில் அளித்த தீர்ப்பில் தனிக் கொட்டடிக் கொடுமையைக் கண்டித்தார். சிறைக்குள் போனவனும் மனிதன்தான், அவனுக்கும் அடிப்படை உரிமைகள் உண்டு என்று அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

மனம் தடுமாறிய நாட்கள்

விடுதலைக்குப் பிறகு பஷீரின் புகழ் வளர்ந்தது. 1944இல் ‘பால்யகால சகி’ வந்தது. எர்ணாகுளத்தில் புத்தகக் கடையும் நடத்தினார்.

ஆனால் 1950களின் நடுவில் அவர் மனம் தடுமாறியது. இல்லாத பகையை இருப்பதாக எண்ணி அஞ்சும் நோய் அவரைப் பிடித்தது. திருச்சூரில் மனநோய்ச் சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்டார்.

அந்தச் சிகிச்சைக் காலத்தை ஒட்டி அவர் எழுதியதுதான் ‘பாத்தும்மாவின் ஆடு’. ஒரு வீடு நிறைய மனிதர்கள், அவர்களுக்கு நடுவே கண்டதையெல்லாம் தின்னும் ஓர் ஆடு. படிப்பவர் வயிறு குலுங்கச் சிரிக்கும் கதை. தமக்குச் சித்தம் கலங்கிச் சிகிச்சை நடந்ததை அந்த நூலின் முன்னுரையில் பஷீரே கூச்சமின்றி எழுதினார். மனநோய் வந்தால் குடும்பமே மூடி மறைத்த காலம் அது.

50 வயதை ஒட்டித்தான் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி ஃபாபியுடன் கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் குடியேறினார். 1962இல் நோய் இரண்டாம் முறை வந்தது. மறுபடியும் சிகிச்சை நடந்தது. மறுபடியும் குணமானார், மறுபடியும் எழுதினார். ‘மதில்கள்’ இந்த இரண்டாவது நோய்க்குப் பிறகு வந்த படைப்பு என்பதை மறக்கக் கூடாது.

கம்பிக்குள் நோய் வந்தால்?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஷீரின் மனம் தடுமாறியபோது அவர் சிறையில் இல்லை. பக்கத்தில் நண்பர்கள் இருந்தார்கள், வீடு இருந்தது, வைத்தியர் இருந்தார். அதே நோய் லாக்கப்பிலோ பூஜப்புரையிலோ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பீகாரில் ஹசாரிபாக் சிறையில் (இன்று அது ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ளது) நடந்ததைப் பார்த்தால் தெரியும். சித்தம் சரியில்லை என்று அடைக்கப்பட்ட சிலர், குணமான பிறகும் வெளியே விடப்படவில்லை. கேட்க ஆளில்லாமல் 30 ஆண்டுக்கு மேல் கிடந்தவர்களும் உண்டு. 1982இல் வீணா சேத்தி வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றமே செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது சட்டவிரோதம் என்று 1993இல் ஷீலா பார்சே வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. மனம் பாதிக்கப்பட்டுத் தெருவில் அலைபவரைப் போலீசார் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கைதிக்கு மனநோய் கண்டால் சிறை மருத்துவப் பிரிவிலோ, மனநல மருத்துவமனையிலோ சிகிச்சை தர வேண்டும். மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநலச் சிகிச்சைப் பிரிவு அமைக்க வேண்டும்.

வெளி மாநிலத்தில் வேலைக்கு வந்த தமிழர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. உறவினர் ஒருவர் கைதாகி, அவருக்கு ஏற்கெனவே மனநோய் இருந்தால், சாப்பிட்டு வந்த மாத்திரைச் சீட்டின் நகலோடு சிறை மருத்துவருக்கும், நீதிமன்றத்துக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். பாஷை தெரியாத ஊரில் நோயாளி தானே சொல்லிக்கொள்வார் என்று விட்டுவிடக் கூடாது. காவலில் இருப்பவருக்கு வக்கீல் வைக்கப் பணம் வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப்பணி ஆணைக்குழு இலவசமாகவே வக்கீலை அமர்த்தித் தரும். மனநல ஆலோசனைக்கு 2022 முதல் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. அதில் தமிழிலும் பேசலாம்.

பேப்பூர் சுல்தான்

பஷீருக்கு 1972இல் சுதந்திரப் போராட்ட வீரருக்கான தாமிரப் பத்திரமும், 1982இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. 1987இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. பள்ளிப் படிப்பை முடிக்காதவருக்கு டாக்டர் பட்டம்!

பேப்பூர் வீட்டு முற்றத்து மங்குஸ்தான் மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு, கிராமபோன் இசைத்தட்டைச் சுழலவிட்டு, வருகிறவர்களோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார். பேப்பூர் சுல்தான் என்று மக்கள் அவரை அழைத்தார்கள். 1994 ஜூலை 5ஆம் தேதி அந்த ஊரிலேயே காலமானார்.

இரண்டு முறை மனம் கலங்கிய மனிதர் இரண்டு முறையும் திரும்பி வந்தார். சிகிச்சையும் ஆதரவும் கிடைத்ததால் வந்தார். பூஜப்புரையின் மதிலுக்குள் இன்று மனம் கலங்கி உட்கார்ந்திருக்கும் பெயர் தெரியாத கைதிக்கும் அந்த இரண்டும் கிடைத்தால், அவரும் திரும்பி வருவார்.