சத்ரபதி இல்லாத தேசத்தை ஆண்ட அமைச்சர் ராமச்சந்திர பந்த்

சத்ரபதி சிவாஜி 1674-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ராய்கட் கோட்டையில் முடிசூடியபோது, ‘அஷ்ட பிரதான்’ எனப்படும் எண்மர் அமைச்சரவைக்கு முறையான வடிவம் கிடைத்தது. அதுவரை மஜும்தார், தபீர் என வழங்கிவந்த பாரசீகப் பதவிப் பெயர்கள் அமாத்தியர், சுமந்தர் என வடமொழிக்கு மாறின. நிதியையும் கணக்கையும் கவனிக்கும் அமாத்தியர் பொறுப்பில் இருந்தவர் ராமச்சந்திர பந்த். இவருடைய தந்தை நீலோ சோன்தேவும் சிவாஜியின் பணியில் இருந்தவரே.

பதவி பெரிதாயினும் அதிகாரம் அரசரிடமே இருந்தது. அமைச்சர்கள் தனித்தனியே அவருக்குக் கட்டுப்பட்டனர். ஊதியம் நிலமாக அல்ல, பணமாகவே வழங்கப்பட்டது. பதவி தந்தைக்குப் பின் மகனுக்கு உரிமையாவதும் கொள்கையளவில் ஏற்கப்படவில்லை. நீதிபதியும் சமயத் துறையைக் கவனித்த பண்டிதராவும் நீங்கலாக ஏனையோர் தேவை நேர்ந்தால் போர்க்களம் செல்லவேண்டும்.

1689-இல் சம்பாஜியை ஔரங்கசீப் கொலை செய்வித்தார். ராய்கட் வீழ்ந்தது. புதிய அரசர் ராஜாராம் தெற்கே தப்பி, இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டையை அடைந்தார். மராட்டிய மண்ணில் எஞ்சிய நிர்வாகம் ‘ஹுகுமத்பனா’ என்னும் பட்டத்துடன் ராமச்சந்திர பந்திடம் ஒப்படைக்கப்பட்டது. கஜானா வெறுமையாக, கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறிய அந்நாள்களில், அரசருக்கு நிகரான அதிகாரத்துடன் சுமார் ஒன்பது ஆண்டுகள் அவர் செயல்பட்டார். சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகிய தளபதிகளின் அதிரடித் தாக்குதல்கள் முகலாயப் பெரும்படையை ஓயவிடாமல் அலைக்கழித்தன.

இதற்கு விலையும் இருந்தது. வீரர்களையும் தலைவர்களையும் தன் பக்கம் தக்கவைக்க, சிவாஜி தவிர்த்துவந்த நில மானியங்களை மராட்டிய அரசு தாராளமாக வழங்கியது. ஔரங்கசீப்பும் அதே ஆசையைக் காட்டி ஆள்சேர்த்ததால், வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. அமைச்சர் பதவிகளும் மெல்லப் பரம்பரைச் சொத்தாயின. ராமச்சந்திர பந்தின் வழித்தோன்றல்களே பாவ்டா பகுதியைத் தலைமுறைகளாக அனுபவித்தனர்.

1698-இல் செஞ்சி முகலாயர் வசமாகும் முன் ராஜாராம் அங்கிருந்து தப்பித் தாயகம் திரும்பினார். 1700-இல் அவர் மறைந்ததும் ராணி தாராபாயின் ஆட்சிக்கு அமாத்தியர் துணைநின்றார். ஆயினும், 1714-இல் பன்ஹாளாவில் தாராபாயை விலக்கி, ராஜாராமின் மற்றொரு மனைவியான ராஜஸ்பாயின் மகன் சம்பாஜியை அரியணை ஏற்றிய தரப்பில் அவர் இருந்தார்.

புதிய அரசருக்காக அவர் இயற்றிய ‘ஆக்ஞாபத்திரம்’ அரசியல் நூல்களில் தனி இடம் பெற்றது. கோட்டைகளே அரசின் சாரம் என்கிறது அது. வணிகத்துக்கு வந்த தொப்பிக்காரர்களான ஐரோப்பியருக்குக் கடலோரத்தில் நிலையான இடம் தரலாகாது என எச்சரிக்கிறது. கடற்படைக்கு மரம் தேவைப்பட்டாலும், குடிகள் பிள்ளைபோல் வளர்த்த மா, பலா மரங்களை அவர்கள் சம்மதமின்றி வெட்டக்கூடாது என்று விதிக்கிறது. ஊழியத்துக்குக் கைம்மாறாக நிலத்தை இனாமாக அளிப்பதையும் கண்டிக்கிறது; நெருக்கடிக் காலத்தில் அத்தகைய மானியங்கள் பெருகியதை நேரில் கண்டவர் அல்லவா!

ராமச்சந்திர பந்த் 1716-இல் பன்ஹாளாவில் காலமானார். அதற்குள் சாத்தாராவில் ஷாஹுவின் அரசவையில் பேஷ்வா பாலாஜி விஸ்வநாத்தின் கை ஓங்கத் தொடங்கியிருந்தது.