தக்காளி வாடலுக்குப் பெயர் வைத்தவர்

தக்காளிச் செடி நேற்றுவரை நன்றாக இருந்தது. இலை மஞ்சளாகவில்லை, புள்ளியும் இல்லை. பச்சையாக இருக்கும்போதே துவண்டு, இரண்டு மூன்று நாளில் சாய்ந்துவிடுகிறது. கடத்தூர் பக்கம் இதைக் கண்டதும் பலர் பூஞ்சாணக்கொல்லி வாங்கி வேரில் ஊற்றுகிறார்கள். அதற்கு முன், வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, வெட்டுவாய் நீரில் படும்படி கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். பூஞ்சாணக்கொல்லிக்குக் கொடுத்த காசு வீண்தான்.

இந்தப் பாக்டீரியாவை 1896-ல் விவரித்துப் பெயர் வைத்தவர் அமெரிக்க விஞ்ஞானி எர்வின் ஸ்மித். ரால்ஸ்டோனியா என்ற இன்றைய பெயர் பின்னால் வந்தது.

ஸ்மித் 1854-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். பிறகு குடும்பம் மிச்சிகனுக்குப் போய்ப் பண்ணையம் பார்த்தது. வயல்வேலையில் படிப்பு தள்ளிக்கொண்டே போனது. உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது அவருக்கு வயது 26. அடுத்த ஆண்டே நண்பர் ஒருவருடன் சேர்ந்து மிச்சிகன் தாவரங்களைப் பற்றி நூல் வெளியிட்டுவிட்டார்! வயிற்றுப்பாட்டுக்குச் சிறைக் காவலராகவும் இருந்திருக்கிறார். 1886-ல் பட்டம் பெற்று, அதே ஆண்டு அமெரிக்க வேளாண் துறையில் சேர்ந்தார். முதலில் கொடுத்த வேலை, பீச் மரங்களை அழித்த மஞ்சள் நோயை ஆராய்வது. ஒட்டுக்கட்டினால் அது பரவும் என்று நிரூபித்தார். கிருமி மட்டும் கடைசிவரை அகப்படவில்லை.

பாக்டீரியா மனிதனையும் மாட்டையும் தாக்கும், செடியைத் தாக்காது என்று அந்தக் காலத்தில் பெரிய படிப்பாளிகளே நம்பினார்கள். ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஃபிஷர் அதை 1897-ல் புத்தகமாகவே எழுதினார். ஸ்மித் விடவில்லை. வெள்ளரி, தக்காளி, முட்டைக்கோஸ் என்று ஒவ்வொரு பயிரிலும் கிருமியைப் பிரித்தெடுத்து, நல்ல செடியில் செலுத்தி நோயை வரவழைத்துக் காட்டினார். ஜெர்மன் ஆய்விதழிலேயே படங்களோடு பதில் கொடுத்தார். 1901-க்குப் பிறகு அந்தச் சண்டை ஓய்ந்தது.

அவர் பெயரை நிலைநிறுத்தியது இன்னொரு நோய். டெய்சிப் பூச்செடிகளில் கட்டி கட்டியாகக் கழலை வந்திருந்தது. அதிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து, அதுவே காரணம் என்று டவுன்சென்டுடன் சேர்ந்து 1907-ல் அறிவித்தார். இன்று அதை அக்ரோபாக்டீரியம் என்கிறோம். கழலை மனிதப் புற்றுநோய் போல அடங்காமல் வளர்ந்ததால் அந்த ஒப்புமையை ஸ்மித் விடாமல் பிடித்துக்கொண்டார். மருத்துவர்கள் சங்கமே அவரைக் கௌரவித்தது. கிருமி செல்லுக்குள் புகுந்து உட்கார்ந்து வேலை செய்கிறது என்று அவர் நினைத்தார். அது தவறு. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. பெண்களை ஆய்வகத்தில் சேர்க்கத் தயங்கிய காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்களை உதவியாளர்களாக வைத்திருந்தார் ஸ்மித். நெல்லி பிரவுன், ஃபுளோரன்ஸ் ஹெட்ஜஸ் போன்றோர் தங்கள் பெயரிலேயே ஆய்வுகளை வெளியிட்டார்கள். ஸ்மித் 1927-ல் இறந்தார்.

1940-களில் ஆர்மின் பிரவுன் என்பவர் நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியில் கழலையை உண்டாக்கி, சூட்டில் வைத்து பாக்டீரியாவை மட்டும் கொன்றார். கழலை வளர்ந்துகொண்டே இருந்தது. அப்படியானால் கிருமி எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அது டி.என்.ஏ. துண்டு என்று 1977-ல் மேரி-டெல் சில்டன் குழு காட்டியது. செடியில் காயம் பட்டால் கசியும் சாற்றை பாக்டீரியா மோப்பம் பிடிக்கிறது. புரதங்களால் ஒரு குழாயைக் கட்டி, தன் டி.என்.ஏ. துண்டையும் துணைப் புரதங்கள் சிலவற்றையும் செடியின் செல்லுக்குள் அனுப்புகிறது. அந்தத் துண்டு செடியின் மரபணுக்களோடு ஒட்டிக்கொண்டு, வளர்ச்சி ஊக்கிகளையும் கிருமிக்கான தீனியையும் தயாரிக்க வைக்கிறது. கழலை வளர்வது இதனால்தான். நோய் உண்டாக்கும் பகுதியை நீக்கிவிட்டு வேண்டிய மரபணுவை வைத்தால் பாக்டீரியா அதையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்தியாவில் 2002-ல் அனுமதி பெற்ற முதல் பி.டி. பருத்திக்குள் மரபணு போனது இந்த வழியில்தான்.

தக்காளி வாடல் பாக்டீரியாவின் கருவி வேறு மாதிரி. ஊசி போன்ற அமைப்பால் டஜன் கணக்கான புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகிறது, டி.என்.ஏ. போவதில்லை. அந்தப் புரதங்கள் செடியின் எதிர்ப்பை முடக்குகின்றன. பிறகு கிருமி நீர்க்குழாய்களில் பெருகி அடைத்துக்கொள்கிறது. டம்ளரில் இறங்கும் வெள்ளை இழை அந்தக் கூட்டம்தான். அந்த நிலையில் எந்த மருந்தும் செடியைக் காப்பாற்றாது.

வாடிய செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அந்தப் பாத்தியின் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகக்கூடாது. களையெடுக்கும்போது வேரைக் காயப்படுத்தாதீர்கள். நூற்புழு இருந்தால் அதையும் கவனியுங்கள். கிருமி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும் என்பதால் அந்த நிலத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை வேண்டாம். கேழ்வரகோ மக்காச்சோளமோ போடலாம். மறுபடி தக்காளிதான் என்றால் அர்கா ரக்‌ஷக் போன்ற எதிர்ப்புள்ள ரகம் பார்க்கலாம். கத்தரிக்குச் சுண்டை வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்று வாங்கலாம். சந்தேகம் இருந்தால் செடியோடு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். மருந்துக் கடைக்கு அப்புறம் போகலாம்.