நம்பியாரூரரும் காதற்றளையும்

பாசம் என்னுஞ் சொல் சித்தாந்த நூல்களில் உயிரைப் பிணிக்குங் கயிற்றின் பெயர். உலக வழக்கிலோ தாய்க்கு மகன்மேலும் கணவற்கு மனைவிமேலும் உளதாகும் அன்பின் பெயர். காதலைத் தளையென்றும் சிறையென்றும் கூறுதல் புலவர்க்கு இயல்பே. அத்தளை வெறும் உருவகமாய் நில்லாது, ஒருவர் வாழ்விலே ஓலையாகவும் சூளாகவும் கண்ணொளி இழப்பாகவும் வந்து நின்றதைக் காணவேண்டுவோர் சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றையே நாடல்வேண்டும்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகவாய்த் தோன்றி, நரசிங்கமுனையரையரால் அரசிளங்குமரர்போல் வளர்க்கப்பெற்றவர் நம்பியாரூரர். கயிலையில் அம்மை தோழியராகிய கமலினி, அநிந்திதை என்னும் இருவரையும் மலர்வனத்தே கண்டு மனம்போக்கியதே இப்பிறவிக்குக் காரணமென்பது புராணம். ஆகவே அவர் பிறப்பின் வித்தே காதல். அவ்வித்து முளைக்குமுன் இறைவர் தடுத்தாட்கொள்ள வந்தமையையும் உடன்வைத்து எண்ணுக.

புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியார் மகளாரை மணக்கும் நாளில், முதிய வேதியராய் வந்த பெருமான் அடிமையோலை காட்டினார். நம்பிகள் சினந்து பற்றிக் கிழித்தது படியோலை. மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் இருந்தது. பாட்டனார் கைச்சாத்து ஒத்திருப்பக் கண்டு அவையோர் அடிமையென்றே தீர்த்தனர். மணக்கயிறு கட்டவேண்டிய நாளில் அடிமைக்கயிறு கட்டப்பட்டது. தாம் பித்தனென்று வைத வசைச்சொல்லையே முதலாக வைத்துப் பாடத் தொடங்கினார். நின்றுபோன மணத்தின் மகளார் என்னானார் என்று கேட்பார் சிலரே. அவர் நம்பிகளையே நினைந்திருந்து சிவலோகம் எய்தினாரென்று சேக்கிழார் சொல்லிச் செல்கின்றார். கைகூடாக் காதலும் வீடளித்தது என்பதற்கு அவ்வம்மையார் சான்று.

அதன்பின் ஆரூர். உருத்திரகணிகையர் குலத்துப் பரவையாரைத் திருக்கோயிலிற் கண்டார். இறைவரே முன்னின்று மணம் கூட்டுவித்தார். பரவை யென்பது கடலின் பெயராதலின், சேக்கிழார் அப்பெயரை வைத்துக் காதலின் பரப்பைக் காட்டுவர். கடல் கட்டுவதன்று, மூழ்குவிப்பது. தனியடியார் 60 பேரையும் தொகையடியார் 9 திறத்தாரையும் போற்றுந் திருத்தொண்டத்தொகை பிறந்தது இவ்வில்வாழ்வின் நடுவிலேதான். பரவையார் பொருட்டே குண்டையூர் நெல் ஆரூர் வந்தது. திருமுதுகுன்றத்திற் பெற்ற 12,000 பொன் மணிமுத்தாற்றில் இடப்பட்டு ஆரூர்க் குளத்தில் எடுக்கப்பட்டது.

திருவொற்றியூரில் நடந்ததோ வேறு வகை. ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்த சங்கிலியார் மணத்தை வெறுத்து, கன்னிமாடத்திலிருந்து இறைவர்க்கு மாலை தொடுத்து வாழ்ந்தவர். அவரைக் கண்ட நம்பிகள் இறைவரிடமே முறையிட்டார். இறைவர் சங்கிலியார் கனவில் தோன்றிக் கூற, ஆரூரிற் பரவையாரோடு வாழ்வார்க்கு என்னை அளிப்பதோ என்று அவர் வினவினார். பிரியேனென்று சூளுறுவாரென விடை வந்தது. நம்பிகளோ, தாம் சந்நிதியிற் சூளுறும் பொழுது பெருமான் மகிழமரத்தின்கீழ் இருந்தருளவேண்டுமென்று முன்னரே வேண்டிக்கொண்டார். தோழர்க்கும் இசைந்த பெருமான் சங்கிலியார்க்கும் அதனை அறிவித்துவிட்டார்! சந்நிதியில் இதற்கெனச் சூளுறுதல் தகாது, மகிழின்கீழ் ஆகுக என்று தோழியர் உரைப்ப, வேறு வழியின்றி மகிழை வலம்வந்து சூளுரைத்தார். அடியாரைச் சூளுறச் செய்ய நேர்ந்ததேயென்று சங்கிலியார் நெஞ்சம் வருந்தினார். சங்கிலி யென்பது தொடர், ஒற்றியென்பது அடகு. பெயர்களின் இவ்வியைபு யாரும் புனைந்ததன்று.

வசந்தம் வந்தது. ஆரூர்த் திருவிழாவும், அதிற் பரவையார் பாடியாடுதலும் நினைவில் எழுந்தன. அப்பொழுது அவர் பாடிய பதிகத்தை நோக்குக: ஆரூர் இறைவரை எத்தனை நாள் பிரிந்திருப்பேன் என்னும் ஏக்கமே அதன் உயிர். தம்மைச் சங்கிலியாரோடு கூட்டியவரும் அவ்விறைவரே என்கின்றார். காதலர்க்குரிய பிரிவுத்துயர் ஈண்டு இறைவர்மேலாயிற்று. ஒற்றியூர் எல்லை கடந்ததும் இரு கண்ணும் மறைந்தன.

இவ்வரலாற்றை எள்ளுவார்க்கு அஞ்சி, இரு தேவியரையும் இறைவன் சத்திகளின் குறியீடாக்கிப் பொருள்கூறுவார் உளர். அது எனக்கு உடன்பாடன்று. குறியீட்டின் பொருட்டு யாருங் கண்ணிழப்பதில்லை. வெண்பாக்கத்திற் பெற்ற ஊன்றுகோலைத் தடவிக்கொண்டு காஞ்சிவரை நடப்பதுமில்லை. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிற் பாடியபோது பிழையை மறைக்கவில்லை, தண்டத்தையும் குறைக்கவில்லை. உமாபதிசிவம் திரோதான சத்தியையும் மலத்தோடு எண்ணினார். அது தான் கட்டன்று; கட்டினை இயக்கி உயிரைப் பக்குவப்படுத்துதலின் மலமென உபசரிக்கப்படும். மகிழின்கீழ் எழுந்தருளிய செயலை இதனோடு ஒட்டி நோக்கினால், சூளைக் கட்டுவித்தவரும், கண்ணை மறைத்தவரும், மீளத் திறந்தவரும் ஒருவரே என்பது விளங்கும்.

காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண் வந்தது, ஆரூரில் வலக்கண். வலக்கண் வேண்டிய ஆரூர்ப் பதிகம் வழக்காடு மன்றத்துப் பேச்சாகவே நடக்கின்றது. தாம் மீட்கத்தக்க ஒற்றிப்பொருளல்லர், தம்மை விற்கவும் உரிமையுண்டு, தாமே விரும்பி ஆட்பட்டவர் என்பது அவர் வாதம். வெண்ணெய்நல்லூரில் ஓலையைக் கிழித்தவர், ஆரூரில் அவ்வோலையையே தம் உரிமைச்சீட்டாக நீட்டுகின்றார். அடிமை நீங்குவதன்று, அடிமை முற்றுவதே விடுதலையென்று ஆயிற்று.

பரவையார் ஊடலோ கண்ணைவிட அரிதிற் றீர்ந்தது. இறைவர் முதலில் அருச்சகர் வடிவிலும், பின்னர்த் தம் வடிவிலுமாக இருமுறை தூது நடந்தார். அதுகேட்டுச் சினந்த ஏயர்கோன் கலிக்காமர் சூலைநோயுற்று, நம்பிகளால் தீரப்பெறுதலினும் இறத்தல் நன்றென்று வயிற்றைக் கிழித்துக்கொண்டார். அருளால் எழுந்து பின் நண்பரானார்.

சேரமான்பெருமாளோடு மலைநாடு சென்ற நம்பிகள், திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளானைமீது கயிலை சேர்ந்தார். அப்பொழுது அவர்க்கு அகவை 18 என்பது வழக்கு. அந்நாள் ஆடிச் சோதி. 7ஆம் திருமுறையாக நமக்கு எஞ்சியிருப்பன 100 பதிகங்கள். பரவையாரும் சங்கிலியாரும் கமலினியும் அநிந்திதையுமாகி, அம்மைக்கு மலர்கொய்யுந் தம் பழைய பணியில் மீண்டும் நின்றனர்.