சொல்லால் வென்ற சோஜர்னர் ட்ரூத் அம்மையார்

எழுதப் படிக்கக் கற்றிராத ஒரு பெண்மணி நீதிமன்றப் படியேறி, தம் மகனை மீட்டு வந்தார். தம் வரலாற்றை நூலாக்கி, அதை விற்ற பணத்தில் பிழைத்தார். பேரவைகளில் எழுந்து நின்று, கற்றோரும் கேட்டு வியக்கும்படி பேசினார். அவர்தாம் அமெரிக்க நாட்டில் அடிமை முறையை எதிர்த்துப் போராடிய சோஜர்னர் ட்ரூத் அம்மையார். நாள்தோறும் ஏடும் எழுதுகோலுமாய் இருக்கும் நாம், அவ்விரண்டும் இன்றி உயர்ந்த அவரது வாழ்வை அறிந்து கொள்வது நலம்.

அம்மையார் 1797ஆம் ஆண்டையொட்டி, நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த அல்ஸ்டர் மாவட்டத்தில் பிறந்தார். அடிமைக் குழந்தையின் பிறந்த நாளை யார் குறித்து வைக்கப் போகிறார்கள்? பெற்றோர் இட்ட பெயர் இசபெல்லா. தந்தை ஜேம்ஸ், தாய் எலிசபெத். இருவரும் ஹார்டன்பர்க் என்னும் டச்சுக் குடும்பத்தின் அடிமைகள். ஆகவே குழந்தை முதலில் பேசிய மொழியும் டச்சு மொழியே. அடிமைத்தனம் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மட்டுமே இருந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வடக்கேயுள்ள நியூயார்க்கிலும் அக்கொடுமை வேரூன்றியிருந்தது.

எலிசபெத் பெற்ற பிள்ளைகளுள் பெரும்பாலோர் சிறு வயதிலேயே விற்கப்பட்டு விட்டனர். எஞ்சிய பிள்ளைகளை அத்தாய் இரவு வேளையில் விண்மீன்களின் கீழே அமர்த்திக் கொள்வார். அனைத்தையும் காண்கின்ற இறைவனிடம், துன்பம் வரும்போதெல்லாம் செபிக்கக் கற்றுக் கொடுப்பார். மகளுக்கு அவரால் தர முடிந்த சீதனம் அது ஒன்றே.

இசபெல்லாவுக்கு ஒன்பது வயதானபோது ஏலம் வந்தது. ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு அவள் விற்கப்பட்டாள். புதிய எஜமானரின் வீட்டில் பேச்சு ஆங்கிலம். அவர்கள் ஒன்றைக் கேட்க, மொழி புரியாத சிறுமி வேறொன்றைக் கொண்டு வந்து நிற்பாள். அதற்குக் கிடைத்த பரிசு பிரம்படி. அந்தத் தழும்புகள் இறுதிவரை மறையவில்லை. சொல் புரியாமையால் அடிபட்ட அச்சிறுமியே பின்னாளில் சொல்லைத் தம் படைக்கலமாக ஏந்தினார்.

மற்றொருவர் கைக்கு மாறிய பின், 1810ஆம் ஆண்டில் ஜான் டூமாண்ட் என்பவரிடம் இசபெல்லா வந்து சேர்ந்தார். அங்கே வளர்ந்தார், மணமுடித்தார், பிள்ளைகளுக்குத் தாயானார். இதற்கிடையில், 1827ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாளுக்குள் அடிமைகளுக்கு விடுதலை அளிக்க நியூயார்க் மாநிலம் சட்டம் இயற்றியது. உண்மையாக உழைத்தால் ஓராண்டு முன்னதாகவே விடுவிப்பதாக டூமாண்ட் வாக்களித்தார். வேளை வந்ததும், கையில் பட்ட காயத்தால் வேலை குறைந்து விட்டது என்று காரணம் காட்டி வாக்கு மாறினார். இசபெல்லா ஏறத்தாழ 100 பவுண்டு கம்பளி நூற்றுக் கொடுத்துத் தம் கடனைத் தீர்த்தார். பின்பு 1826ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு நாள் பொழுது புலருமுன் கைக்குழந்தையை எடுத்துக் கொண்டு நடந்து வெளியேறினார். மற்றப் பிள்ளைகளைப் பிரிந்து செல்ல நேர்ந்தது அத்தாயின் தீராத துயரம். வான் வாகனன் என்னும் நல்ல தம்பதியர் அடைக்கலம் தந்தனர். டூமாண்ட் தேடி வந்தபோது 20 டாலர் கொடுத்து அவரைத் திருப்பி அனுப்பினர்.

சில நாள்களிலேயே பேரிடியாக ஒரு செய்தி வந்தது. ஐந்து வயது மகன் பீட்டரை விற்று, தொலைவிலுள்ள அலபாமா மாநிலத்துக்குக் கொண்டு போய் விட்டார்கள்! மாநிலத்துக்கு வெளியே அடிமையை விற்பது சட்டப்படி குற்றம். அக்குற்றத்தைச் சுட்டிக் கேட்க ஓர் ஏழைக் கறுப்பினத் தாய் துணிவாள் என எவரும் எதிர்பார்க்கவில்லை. டூமாண்டின் மனைவி ஏளனம் செய்தார். இசபெல்லா கலங்கவில்லை. குவேக்கர் சபையினரின் உதவியோடு கிங்ஸ்டன் நகர நீதிமன்றத்தை அடைந்து வழக்குத் தொடுத்தார். 1828ஆம் ஆண்டில் மகன் மீண்டான். ஆனால் அச்சுறுத்தலுக்கு ஆளாகியிருந்த அப்பாலகன், இவர் தன் தாயே அல்ல என்று முதலில் அலறினான். சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது முதுகு முழுவதும் சாட்டைத் தழும்புகள்! வெள்ளையர் ஒருவர் மீது வழக்குத் தொடுத்து வென்ற முதல் கறுப்பினப் பெண்களுள் அவரும் ஒருவர். அவ்வழக்கின் பத்திரங்கள் 2022ஆம் ஆண்டில் நியூயார்க் மாநில ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டன.

அதன் பின் அவர் நியூயார்க் நகரில் வீட்டு வேலை செய்து வாழ்ந்தார். பீட்டர் 1839ஆம் ஆண்டில் திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறிச் சென்றான். சில கடிதங்கள் வந்தன. அவற்றைப் பிறர் வாசிக்கத்தான் தாய் கேட்க முடிந்தது. 1841ஆம் ஆண்டுக்குப் பின் கடிதமும் வரவில்லை, மகனும் வரவில்லை.

1843ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், இறைவன் தம்மை அழைப்பதாக உணர்ந்து நகரை விட்டுப் புறப்பட்டார். எஜமானர் வழிவந்த பெயரைத் துறந்து, சோஜர்னர் ட்ரூத் என்னும் புதுப்பெயர் பூண்டார். தங்காமல் பயணம் செய்து உண்மையை உரைப்பவர் என்பது அதன் கருத்து. ஊர் ஊராய் நடந்து, அடிமைத்தனம் பாவம் என்று முழங்கினார். தம் வரலாற்றை ஆலிவ் கில்பர்ட் என்னும் பெண்மணியிடம் சொல்லி எழுதுவித்து, 1850ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

1851ஆம் ஆண்டு மே மாதம், ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் பெண்ணுரிமை மாநாடு கூடியது. அங்கே அம்மையார் பேசினார். ஆணுக்கு நிகராக உழுதும் அறுத்தும் உழைத்தவர் தாம் என்றார். ஆணின் அறிவு ஒரு படி, பெண்ணின் அறிவு அரைப்படி என்றே வைத்துக் கொண்டாலும், அந்த அரைப்படியை நிரப்பிக் கொள்ள ஏன் தடை என்று கேட்டார். இயேசு பெண்களைத் தள்ளிவிடவில்லை என்பதையும், மார்த்தா, மரியாள் ஆகியோரின் கண்ணீருக்கு இரங்கி இலாசரை எழுப்பியதையும் நினைவூட்டினார். இயேசு உலகிற்கு வந்தது இறைவனாலும் ஒரு பெண்ணாலும் அன்றோ, அதில் ஆணின் பங்கு எங்கே என்று வினவினார்.

அம்மாநாட்டின் செயலரும் அம்மையாரின் நண்பருமான மேரியஸ் ராபின்சன் அடுத்த மாதமே வெளியிட்ட குறிப்பு இது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து பிரான்சிஸ் கேஜ் என்னும் பெண்மணி மற்றொரு வடிவத்தை வெளியிட்டார். தாமும் ஒரு பெண்ணல்லவா என்று அம்மையார் திரும்பத் திரும்பக் கேட்டதாக அதில் வருகிறது. உலகெங்கும் புகழ் பெற்றது அவ்வடிவமே. ஆயினும் முதல் குறிப்பில் அக்கேள்வி இல்லை. டச்சு மொழியில் வளர்ந்தவரைத் தென்னாட்டு அடிமைகளின் கொச்சையில் கேஜ் பேச வைத்து விட்டார். பிள்ளைகளின் தொகையையும் பதின்மூன்று என்று ஆக்கினார். அம்மையார் பெற்றதோ ஐந்து பேர். எழுதத் தெரியாதவரின் சொற்கள், நல்லெண்ணம் கொண்ட நண்பர் கையிலும் உருமாறிப் போவதைக் காண்கிறோம்.

அம்மையார் இதை உணராதவர் அல்லர். தம் நிழற்படங்களைத் தம் பெயரிலேயே பதிவு செய்து, தாமே விற்றார். நிழலை விற்று உடலைக் காப்பதாக அவற்றில் அச்சிடச் செய்தார். 1864ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் லிங்கனைச் சந்தித்தார். மறு ஆண்டில் வாஷிங்டன் நகர டிராம் வண்டியின் நடத்துநர் அவரைத் தள்ளித் தோளைக் காயப்படுத்தினார். அம்மையார் அவர் மீது வழக்குத் தொடுக்க, நடத்துநர் வேலையை இழந்தார்.

எல்லாம் வெற்றியாகவே முடியவில்லை. விடுதலை பெற்றோருக்கு உழுது பிழைக்க நிலம் வேண்டுமென்று, 1870ஆம் ஆண்டு முதல் முதுமையையும் பாராமல் ஊர்தோறும் கையெழுத்துத் திரட்டினார். அந்நாட்டுப் பேரவை செவிசாய்க்கவில்லை. 1872ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களிக்கச் சென்றபோது திருப்பி அனுப்பப்பட்டார். 1883ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் இறைவனடி சேர்ந்தார்.

அவரது விடுதலைக்கு நாள் குறிக்கப்பட்ட அதே ஜூலை 4ஆம் தேதியில், 1997ஆம் ஆண்டு, செவ்வாய்க் கோளில் ஒரு சிறு ஆய்வு ஊர்தி போய் இறங்கியது. அதன் பெயர் சோஜர்னர். கட்டுரைப் போட்டியில் அப்பெயரைச் சூட்டியவள் பன்னிரண்டு வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி.

அன்பு மாணவியரே, நம் சொல்லை நாமே எழுதி வைக்கும் பேறு நமக்கு வாய்த்திருக்கிறது. அம்மையார் கேட்ட அந்தப் படி நம் கையில் இருக்கிறது. அதைத் தலை தட்டாமல் நிரப்பிக் கொள்வோமாக!